வாலைப் பாருங்க தம்பி!

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை. மலருக்காகச் சற்றே சுருக்கி, பேசிய நடையிலேயே தரப்படுகிறது.)



காலையில் வாசலில் பெயர் பதிவு செய்யும் மேசையில் ஒரு படிவம் கொடுத்தார்கள். அதில் ஒரு கேள்வி: "இயர் ஆஃப் பாஸிங் அவுட்". நானும் 1979 என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இங்கே இருக்கிற எல்லோரும் அப்படித்தான் எழுதியிருப்பீர்கள். இந்தப் படிவத்தை லண்டனிலிருந்து வந்த ஒருவரிடம் காட்டினால் என்ன நினைப்பார் தெரியுமா? "நீங்கள் எந்த வருஷம் மயங்கி விழுந்தீர்கள்?" என்று கேட்டிருப்பதாக நினைப்பார்! அவர்கள் ஊரில் 'பாஸ் அவுட்' என்றால் சாதாரணமாக மயக்கம் போட்டு விழுவது. ராணுவப் பயிற்சிக் கல்லூரியில் பயிற்சி முடித்து வெளியே வருவதற்கு அந்தச் சொல் உண்டு. நம்மைப் போன்ற கலைக் கல்லூரிக்காரர்களுக்கு இல்லை. நல்லவேளை, யாரும் 'பாஸ் அவே' என்று அச்சடிக்கவில்லை. அப்படி அச்சடித்திருந்தால் இன்றைக்கு இது இரங்கல் கூட்டமாகியிருக்கும்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஆங்கிலத்தைப் பார்த்துச் சிரிப்பது வேறு, ஆங்கிலம் தெரியாதவனைப் பார்த்துச் சிரிப்பது வேறு. இந்த இரண்டாவது சிரிப்பைப் பற்றித்தான் நான் இன்று பேச வந்திருக்கிறேன். ஏனென்றால், இதே கட்டடத்தில் அந்தச் சிரிப்பைச் சிரித்தவன் நான்.

1975-ஆம் வருஷம். பி.யூ.சி. வகுப்பு. பதினோராம் வகுப்பு வரை தமிழிலேயே படித்துவிட்டு, ஒரே நாளில் எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில் என்று வந்து உட்கார்ந்திருந்தோம். விடுதியில் என் அறையில் இருந்தவன் ஒரு விவசாயக் கூலியின் மகன். பள்ளியில் கணக்கில் முதல் மாணவன். அவன் பெயரைச் சொல்லமாட்டேன்; அவன் அனுமதி இல்லை.

ஆங்கில வகுப்பில் ஒருநாள் அவனை எழுப்பிப் பாடத்தைப் படிக்கச் சொன்னார்கள். பயத்தில் குரல் எழும்பவில்லை. பின் பெஞ்சிலிருந்து யாரோ கேட்கவில்லை என்றார்கள். ஆசிரியர், "ஸ்பீக் அப்!" என்றார். 'ஸ்பீக்' என்றால் பேசு. 'அப்' என்றால் மேலே. அவனுக்கு அவ்வளவுதான் தெரியும். அவன் புத்தகத்தைக் கீழே இறக்கிவிட்டு, முகத்தை நிமிர்த்தி, கூரையைப் பார்த்தான். பார்த்தபடியே படித்ததில் மனப்பாடமாக இருந்த இரண்டு வரியைச் சொன்னான்.

வகுப்பே குலுங்கிச் சிரித்தது. நானும் சிரித்தேன். உண்மையைச் சொல்கிறேன், 'ஸ்பீக் அப்' என்றால் சத்தமாகப் பேசு என்று அந்த நிமிஷம் எனக்கும் தெரியாது! மற்றவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆயுத பூஜை விடுமுறைக்கு ஊருக்குப் போனவன் திரும்பி வரவில்லை. அவனுடைய தகரப் பெட்டியை வாங்கிப் போக அவன் மாமா வந்தார். "ஏன் மாமா, வரலையா?" என்று கேட்டேன். "காட்டு வேலை இருக்குப்பா" என்றார். அதோடு சரி.

அந்தச் சிரிப்புக்கு எனக்குக் கூலி ஐந்து வருஷம் கழித்துக் கிடைத்தது.

பி.எஸ்ஸி. முடித்து, 1980-ல் கோயம்புத்தூரில் பம்பு செட் உதிரி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் டெஸ்பாட்ச் கிளார்க் வேலைக்குச் சேர்ந்தேன். மாதம் 350 ரூபாய் சம்பளம். சேர்ந்து நாற்பது நாள் இருக்கும். முதலாளி அதிகாலை ரயிலுக்குக் கிளம்பும் அவசரத்தில் என் மேசையில் ஒரு துண்டுச் சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். இரண்டே வரி. "பார்ட்டி ஹேஸ் பேக்டு அவுட். கால் ஆஃப் த லாரி."

நான் பி.எஸ்ஸி. பட்டதாரி அல்லவா? பிரித்துப் பிரித்துப் பொருள் பார்த்தேன். 'பேக்' என்றால் பின்னால். 'அவுட்' என்றால் வெளியே. பார்ட்டி பின்பக்கம் வெளியே இருக்கிறார். சரி என்று எழுந்து போய் கம்பெனியின் பின்பக்கம் பார்த்தேன். அங்கே ஒரு வேப்ப மரமும் இரண்டு ஆடும்தான் இருந்தன. பார்ட்டி வந்து காத்திருந்துவிட்டுப் போய்விட்டார் போலிருக்கிறது என்று முடிவு செய்தேன். அடுத்த வரி இன்னும் சுலபம். 'கால்' என்றால் கூப்பிடு. 'லாரி' என்றால் லாரி. நடுவில் உள்ள 'ஆஃப்' எனக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை. லாரி ஆபீசுக்கு இரண்டு தடவை போன் போட்டேன். "உடனே அனுப்புங்க, அவசரம்" என்றேன். மாலைக்குள் நாற்பது மரப்பெட்டிகளை ஏற்றி விஜயவாடாவுக்கு அனுப்பிவிட்டு, வேலையைச் சுறுசுறுப்பாக முடித்த திருப்தியோடு அறைக்குப் போய்த் தூங்கினேன்.

'பேக் அவுட்' என்றால் ஒப்புக்கொண்டதிலிருந்து பின்வாங்குவது. 'கால் ஆஃப்' என்றால் ரத்து செய்வது. அதாவது, "வாங்குகிறவர் பின்வாங்கிவிட்டார், லாரி வேண்டாம் என்று சொல்லிவிடு" என்று எழுதியிருந்தார். நான் நேர் எதிராகச் செய்திருந்தேன்.

பதினோரு நாள் கழித்துச் சரக்கு அப்படியே திரும்பி வந்தது. போக வர இரண்டு வாடகை. முதலாளி சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. சீட்டை என் முன்னால் வைத்து அமைதியாகக் கேட்டார். "ஏனுங்க தம்பி, பி.எஸ்ஸி.ன்னுதானுங்களே சர்டிபிகேட்ல போட்டிருந்துது? எந்தக் காலேஜுங்க?"

நண்பர்களே, நம் கல்லூரியின் பெயரை அன்றைக்குச் சொன்ன அளவு மெல்லிய குரலில் நான் வாழ்நாளில் சொன்னதில்லை. "ஸ்பீக் அப்" என்று அவர் சொல்லவில்லை, அவ்வளவுதான். மாதம் 40 ரூபாய் வீதம் பத்து மாதம் சம்பளத்தில் பிடித்தார்கள். ஆபீசில் எல்லோரும் என்னை 'லாரி பி.எஸ்ஸி.' என்றார்கள். அப்போதுதான் கூரையைப் பார்த்துப் படித்த அந்த முகம் எனக்கு ஞாபகம் வந்தது.

அங்கே ஸ்டோர் கீப்பராக ஒரு பெரியவர் இருந்தார். எட்டாம் வகுப்புதான் படித்தவர். இளம் வயதில் வெள்ளைக்காரர் மேனேஜராக இருந்த ஒரு மில்லில் வேலை பார்த்தவர். இலக்கணம் தப்பும் தவறுமாக இருக்கும், ஆனால் காதால் கேட்டுக் கேட்டே இந்த மாதிரிச் சொற்கள் அவருக்கு அத்துப்படி. மறுநாள் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, நாய் கடிக்குமா, கொஞ்சுமான்னு வாலைப் பார்த்துத்தானுங்க தெரிஞ்சுக்கறோம்? இங்கிலீஷும் அப்படித்தான். நீங்க மூஞ்சியை மட்டும் பார்த்தீங்க. வாலைப் பாருங்க தம்பி!"

இலக்கணப் புத்தகம் இரண்டு பக்கத்தில் சொல்வதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார். கால், புட், லுக், கெட், கிவ், டேக்... இவை மூஞ்சி. அப், ஆஃப், அவுட், ஆன், இன், டவுன், ஆஃப்டர்... இவை வால். வால் மாறினால் பொருளே மாறிவிடும். இவற்றுக்கு ஆங்கிலத்தில் 'ஃபிரேஸல் வெர்ப்' என்று பெயர். லோகன் பியர்சால் ஸ்மித் என்பவர் 1925-ல் வெளியிட்ட நூலில் இந்தப் பெயரைப் பயன்படுத்தி, இதைத் தமக்குச் சொன்னவர் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி என்று குறிப்பிட்டிருக்கிறார். பெயர் புதிது, தொல்லை பழையது. 1755-ல் பெரிய அகராதி வெளியிட்ட டாக்டர் சாமுவேல் ஜான்சனே தம் முன்னுரையில், வினைச்சொல்லோடு இப்படி ஒரு சிறு சொல் ஒட்டிக்கொண்டு பொருளை மாற்றிவிடுவதுதான் வெளிநாட்டாருக்கு மிகப் பெரிய சிரமம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆகவே மாணவர்களே, இது உங்கள் மூளையின் குறை அல்ல. டாக்டர் ஜான்சனே சர்டிபிகேட் கொடுத்துவிட்டார்!

இன்னொரு விஷயம். ஆங்கிலத்தில் பெரும்பாலும் ஒரே பொருளுக்கு இரண்டு சொல் இருக்கும். 1066-ல் பிரெஞ்சு பேசும் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அதன் பிறகு பிரெஞ்சு, லத்தீன் வழியாகக் கனமான சொற்கள் நிறைய வந்தன. வீட்டிலும் வயலிலும் பழைய சின்னச் சொற்கள் நிலைத்தன. அதனால்தான் இன்றும் 'போஸ்ட்போன்' என்று எழுதுகிறவர் பேசும்போது 'புட் ஆஃப்' என்கிறார். 'டாலரேட்' என்பது எழுத்து, 'புட் அப் வித்' என்பது பேச்சு. 'எக்ஸ்டிங்விஷ்' என்பது எழுத்து, 'புட் அவுட்' என்பது பேச்சு. நாம் பாடப் புத்தகத்தில் படித்துக்கொண்டு போவதெல்லாம் கனமான சொற்கள். வேலைக்குப் போன இடத்தில் காதில் விழுவதெல்லாம் சின்னச் சொற்கள். 'போஸ்ட்போன்' தெரிந்த பையன் 'புட் ஆஃப்' கேட்டு விழிப்பதன் ரகசியம் இதுதான்.

இந்தச் சின்னச் சொற்களின் பலம் எவ்வளவு என்றால், 1930-ல் சி.கே. ஆக்டன் என்பவர் 'பேசிக் இங்கிலீஷ்' என்று 850 சொற்களே கொண்ட ஓர் ஆங்கிலத்தை வகுத்தார். அதில் வினைச்சொற்கள் 18-தான்! கம், கெட், கிவ், கோ, கீப், மேக், புட், டேக் போன்றவை. இவற்றோடு வால்களைச் சேர்த்தே பெரும்பாலான காரியங்களைச் சொல்லிவிடலாம் என்பது அவர் கணக்கு.

சரி, இதை நாம் எப்படிப் பிடிப்பது? அந்தப் பெரியவரே அதற்கும் வழி சொன்னார். "தம்பி, கைவிடுன்னா கையை விடறதுங்களா?" என்று கேட்டார்.

நான் திகைத்துப்போனேன். யோசித்துப் பாருங்கள். 'கைவிடு' என்பதில் கையும் இல்லை, விடுவதும் இல்லை. 'கண்டுபிடி' என்கிறோம். எதைப் பிடிக்கிறோம்? 'தள்ளிப்போடு' என்கிறோம். தேதியைத் தள்ளவும் முடியாது, போடவும் முடியாது. 'பார்' என்றால் லுக். 'பார்த்துக்கொள்' என்றால் லுக் ஆஃப்டர்! "குழந்தையைப் பார்" என்பதற்கும் "குழந்தையைப் பார்த்துக்கொள்" என்பதற்கும் உள்ள வித்தியாசம் நம் வீட்டு மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரியும். "சாப்பிடு, சாப்பிட்டுப் பார், சாப்பிட்டுவிடு, சாப்பிட்டுத் தொலை" என்று ஒரு அம்மா ஐந்து நிமிஷத்தில் நான்கு விதமாகச் சொல்கிறாள். தமிழ் கற்க வந்த வெளிநாட்டுக்காரரிடம் இதைக் கொடுத்துப் பாருங்கள், அழுதுவிடுவார். 'அழுதுவிடுவார்' என்பதில் எதை விடுகிறார் என்று வேறு கேட்பார்!

ஆக, வால் வைத்துப் பேசுவது நமக்குப் புதிதல்ல. பிறந்ததிலிருந்து செய்து வருகிற வேலை. ஆங்கிலத்தில் வால் வேறு, அவ்வளவுதான்.

இப்போது 'லுக்' என்ற ஒரு குடும்பத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். லுக் அட் என்றால் ஒன்றைப் பார்ப்பது. லுக் ஃபார் என்றால் தேடுவது. லுக் ஆஃப்டர் என்றால் பார்த்துக்கொள்வது. லுக் இன்டு என்றால் விசாரிப்பது; கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தால் "ஐ வில் லுக் இன்டு இட்" என்பார்கள். லுக் அப் என்றால் அகராதியிலோ அட்டவணையிலோ தேடிப் பார்ப்பது. லுக் டவுன் ஆன் என்றால் ஒருவரை இளக்காரமாகப் பார்ப்பது. லுக் அப் டு என்றால் மதித்து அண்ணாந்து பார்ப்பது. லுக் ஃபார்வர்டு டு என்றால் ஆவலாக எதிர்பார்ப்பது. இந்தக் கடைசி ஒன்றில் நம்மவர்கள் எல்லோரும் வழுக்கி விழுகிற இடம் உண்டு. "லுக்கிங் ஃபார்வர்டு டு மீட் யூ" என்று எழுதுகிறோம். "டு மீட்டிங் யூ" என்று வரவேண்டும். வேலைக்கு விண்ணப்பிக்கிற பிள்ளைகள் இந்த ஒன்றை மட்டுமாவது இன்றைக்குக் குறித்துக்கொள்ளுங்கள்.

வால்களுக்கு ஓரளவு குணம் உண்டு. 'அப்' பல இடங்களில் முழுசாக முடிப்பதைக் காட்டும். ஈட் அப் என்றால் மிச்சம் வைக்காமல் சாப்பிடு, யூஸ் அப் என்றால் தீர்த்துவிடு. 'ஆஃப்' விலகலைக் காட்டும். சுவிட்ச் ஆஃப், கட் ஆஃப், வழியனுப்புவதற்கு ஸீ ஆஃப். 'ஆன்' தொடர்வதைக் காட்டும். கோ ஆன், கேரி ஆன், கீப் ஆன். 'டவுன்' குறைவதைக் காட்டும். ஸ்லோ டவுன், கட் டவுன். ஆனால் இதைக் கணக்குச் சூத்திரம் மாதிரி நம்பிவிடாதீர்கள். வீடு எரிந்தால் 'பர்ன் டவுன்' என்பார்கள், காகிதம் எரிந்தால் 'பர்ன் அப்' என்பார்கள். இரண்டிலும் மிச்சம் சாம்பல்தான்! படிவத்தை நிரப்புவதற்கு இங்கிலாந்தில் 'ஃபில் இன்', அமெரிக்காவில் 'ஃபில் அவுட்', நம் ஊர் பேங்கில் 'ஃபில் அப்'. குணம் என்பது யூகிப்பதற்கு உதவும். உறுதி செய்வதற்கு அகராதிதான்.

இலக்கணத்தில் ஒரே ஒரு விதி சொல்கிறேன், மற்றதை உங்கள் ஆசிரியர்கள் சொல்வார்கள். சில வால்களைப் பிரிக்கலாம், சிலவற்றைப் பிரிக்கக் கூடாது. "கால் ஆஃப் த மீட்டிங்" என்றும் சொல்லலாம், "கால் த மீட்டிங் ஆஃப்" என்றும் சொல்லலாம். ஆனால் இட், ஹிம், ஹெர், தெம் போன்ற சின்னச் சொல் வந்தால், அது கட்டாயம் நடுவில்தான் உட்காரும். "கால் இட் ஆஃப்" சரி. "கால் ஆஃப் இட்" தப்பு. லுக் ஆஃப்டர் மாதிரி பிரிக்கக் கூடாதவற்றில் "லுக் ஆஃப்டர் ஹெர்" என்றுதான் வரும். புட் அப் வித் மாதிரி இரண்டு வால் உள்ளவற்றில் பெரும்பாலும் கடைசியில்தான் வரும். எது எந்த வகை என்று பட்டியல் போட்டு உருப்போட வேண்டாம். ஒவ்வொன்றையும் 'இட்' அல்லது 'ஹிம்' வைத்த ஒரு முழு வாக்கியமாகவே கற்றுக்கொள்ளுங்கள். நாக்குக்குத் தானாகப் பழகிவிடும்.

இல்லாத வாலை ஒட்டுவதும் நம் பழக்கம். "கோப் அப் வித்" என்கிறோம். 'கோப் வித்' போதும். "டிஸ்கஸ் அபவுட்" என்கிறோம். 'டிஸ்கஸ்' மட்டும் போதும். ஆனால் நாம் உண்டாக்கியதெல்லாம் தப்பு என்றும் நினைக்கவேண்டாம். தேதியை முன்னால் கொண்டுவருவதற்கு நம் நாட்டில் வழங்கும் 'பிரிபோன்' என்ற சொல் இன்று ஆக்ஸ்போர்டு அகராதியிலேயே ஏறிவிட்டது.

இனி மரபுத்தொடர்கள். ஆங்கிலத்தில் இடியம் என்கிறார்கள். இவை ஒரு ஊரின் வாழ்க்கையிலிருந்து பிறந்தவை. இங்கிலாந்தின் வடகிழக்கில் நியூகாசில் என்று ஒரு துறைமுக நகரம். நிலக்கரிக்குப் பேர் போனது. அந்த ஊருக்கே நிலக்கரி கொண்டு போவது என்று ஒரு தொடர் உண்டு. நாம் என்ன சொல்கிறோம்? கொல்லர் தெருவில் ஊசி விற்கிறான். இல்லாவிட்டால், திருநெல்வேலிக்கே அல்வாவா! 1709-ல் ஜான் டென்னிஸ் என்பவர் தம் நாடகத்துக்காக இடி முழக்கம் உண்டாக்க ஒரு புது உத்தி கண்டுபிடித்தார். நாடகம் ஓடவில்லை. அதே அரங்கில் அடுத்து நடந்த மாக்பெத் நாடகத்தில் அவருடைய இடி முழங்கியது! என் இடியைத் திருடிவிட்டார்கள் என்று அவர் புலம்பினார். அடுத்தவருக்குச் சேரவேண்டிய பெயரைத் தட்டிக்கொண்டு போவதற்கு 'ஸ்டீல் ஒன்ஸ் தண்டர்' என்ற தொடர் இப்படி வந்தது. சர்க்கார் காகிதங்களைச் சிவப்பு நாடாவால் கட்டிய பழக்கத்திலிருந்து 'ரெட் டேப்' வந்தது. அதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 'ஸ்டம்ப்டு' என்றும் ஒரு சொல் உண்டு. பதில் தெரியாமல் திகைத்து நிற்பது.

சில தொடர்கள் இரண்டு மொழியிலும் இரட்டைப் பிள்ளைகள். முதலைக் கண்ணீர் அங்கேயும் உண்டு. அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பதும் உண்டு. கண்ணில் மண்ணைத் தூவுவதும் உண்டு. கை கழுவி விடுவதும் உண்டு. இவற்றை ஒரே நாளில் கற்றுக்கொள்ளலாம்.

ஆனால் ஜாக்கிரதை, முகம் ஒன்றாக இருந்து குணம் வேறாக இருப்பவையும் உண்டு. "ஹி இஸ் புல்லிங் மை லெக்" என்றால் விளையாட்டாகக் கேலி செய்கிறான் என்று பொருள். நம் ஊரில் "காலை வாரிவிட்டான்" என்றால் துரோகம்! நண்பன் கிண்டல் செய்ததைச் சொல்லப்போக, அவனைத் துரோகியாக்கிவிடுவோம். வார்த்தையை மென்று விழுங்கினான் என்றால் நமக்குத் தயக்கம். அவர்களுக்கு 'ஈட் ஒன்ஸ் வேர்ட்ஸ்' என்றால், தான் சொன்னது தப்பு என்று ஒப்புக்கொள்வது. எனவே தமிழ்த் தொடரை அப்படியே ஆங்கிலத்தில் பெயர்த்து வைக்காதீர்கள். தலை சுற்றுகிறது என்பதை டாக்டரிடம் "மை ஹெட் இஸ் ரொட்டேட்டிங்" என்று சொன்னால், அவர் தலையும் சேர்ந்து சுற்றும்.

மாணவர்களுக்கு ஒரு யோசனை. மரபுத்தொடர்களை முதலில் புரிந்துகொள்ள மட்டும் படியுங்கள். பயன்படுத்துவது மெதுவாக வரட்டும். நாயும் பூனையுமாக மழை பெய்தது என்று கட்டுரைக்குக் கட்டுரை எழுதுகிறோமே, ஆங்கிலேயர்கள் அதைப் பேச்சில் அவ்வளவாகச் சொல்வதில்லை. ஃபிரேஸல் வெர்ப் அப்படி அல்ல. அது இல்லாமல் ஒரு மணி நேரம்கூடப் பேச்சு ஓடாது. அதை முதலில் பிடியுங்கள்.

நான் பிடித்த விதத்தைச் சொல்லி முடிக்கிறேன். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். தினம் ஒரே ஒரு சொல். இரண்டு இல்லை. பெரியவர் வாயிலிருந்தோ, ஆபீசுக்கு வந்த கடிதத்திலிருந்தோ, ஆங்கிலப் பேப்பரிலிருந்தோ நான் நேரில் சந்தித்த சொல்லாக இருக்கவேண்டும். பட்டியலிலிருந்து எடுக்கக் கூடாது. அது வந்த வாக்கியத்தை அப்படியே எழுதுவேன். கீழே, என் வீட்டில், என் தெருவில் நடக்கிற ஒரு காரியத்தை வைத்து நானே ஒரு வாக்கியம் எழுதுவேன். அதற்கும் கீழே தமிழில் அந்த இடத்தில் என்ன சொல்வோம் என்று எழுதுவேன். சொல்லுக்குச் சொல் அல்ல, இடத்துக்கு இடம். ஏழாவது நாள் புதுச் சொல் கிடையாது. ஆறையும் தமிழ்ப் பக்கத்திலிருந்து ஆங்கிலத்துக்குச் சொல்லிப் பார்க்கவேண்டும். கால் ஆஃப்தான் முதல் பக்கம், முதல் சொல்! ஒரு வருஷத்தில் முந்நூறு சேர்ந்தது. பத்தாவது மாதம், பிடித்தம் முடிந்த சமயம், வெளியூர்க் கடிதங்களை முதலாளி என்னிடமே கொடுக்க ஆரம்பித்தார். அதே கம்பெனியில் டெஸ்பாட்ச் மேனேஜராக ஓய்வு பெற்றேன். இன்றைக்கு உங்கள் சட்டைப் பையில் இருக்கிற போனில் அகராதி இருக்கிறது, உச்சரிப்பும் கேட்கலாம். எனக்கு அந்த வசதி இல்லை. உங்களுக்கு அந்த வசதி இருக்கிறது; நோட்டு ஒன்றுதான் பாக்கி.

1998-ல் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு சைக்கிள் கடையில் அவனைப் பார்த்தேன். என் அறை நண்பனைத்தான் சொல்கிறேன். அடையாளம் கண்டுகொண்டு கட்டிப்பிடித்தான். டீ சொன்னான். நான் அந்த நாளைப் பற்றி மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவனே முந்திக்கொண்டான். "டேய், அந்த ஸ்பீக் அப்புக்கு என்னடா அர்த்தம்? இருபத்து மூணு வருஷமா யார்கிட்டேயும் கேட்கலை."

சொன்னேன். "இவ்வளவுதானா?" என்றான். நண்பர்களே, அந்த 'இவ்வளவுதானா' இன்னும் என் காதில் இருக்கிறது. கணக்கில் முதல் மாணவன் ஒருவனைக் கல்லூரியை விட்டு அனுப்பியது இரண்டு அசைச் சொல். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான், "எனக்கும் தெரியலைடா, வா, கேட்டுப் பார்ப்போம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லவில்லை.

ஆகவே மாணவச் செல்வங்களே, வகுப்பில் ஒருவன் தடுமாறினால் சிரிக்காதீர்கள். தெரியாததைத் தெரியவில்லை என்று எழுந்து கேளுங்கள். கூச்சம் ஒரு நிமிஷம். கேட்காமல் விட்டால் இருபத்து மூன்று வருஷம். என் வயது நண்பர்களே, நாம் வருஷத்துக்கு ஒரு தடவை வந்து கட்டடத்துக்கு வெள்ளையடிக்கப் பணம் கொடுக்கிறோம். நல்லது. அதோடு, இந்த ஊரிலேயே இருப்பவர்கள் சனிக்கிழமை மாலையில் ஒரு மணி நேரம் முதலாண்டுப் பிள்ளைகளோடு உட்காருங்கள். இலக்கணம் நடத்த வேண்டாம். நாம் வேலையில் பட்ட அடிகளை, செய்த தப்புகளைச் சொன்னால் போதும். என் லாரிக் கதையோடு வருகிற சனிக்கிழமை நான் வந்துவிடுகிறேன். முதல்வர் ஐயா ஒரு அறையும் ஒரு கரும்பலகையும் ஒதுக்கித் தரவேண்டும்.

இந்த வகுப்பை யாரும் புட் ஆஃப் செய்யவேண்டாம். கால் ஆஃப் செய்யவே வேண்டாம். பின்வரிசையில் இருக்கும் தம்பி தங்கைகளே, உங்களைத்தான் சொல்கிறேன்: கூரையைப் பார்க்காமல், என்னைப் பார்த்து, ஸ்பீக் அப்!